கணக்கில் வராத பிள்ளை

"வண்டியை நிறுத்து, சின்னையா."

சொன்னவர் எங்கள் வெள்ளைக்காரக் கேப்டன் டாக்டர். ராணுவ ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு அவர் பொறுப்பு. நான் அந்த ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் டிரைவர். தென்னையிலிருந்து விழுந்த ஒரு கம்பத்துக்காரருக்கு, அதாவது மலாய்க் கிராமத்து ஆளுக்குக் கட்டுப் போட்டு, மலாக்கா பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேறு டாக்டர்கள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால் அன்று அவரே துணைக்கு வந்திருந்தார்.

தஞ்சோங் கிளிங் தாண்டி, கடலை ஒட்டி ஓடும் சடக்கு. மத்தியான வெயில். ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாசனை. பின்னால் ஆளில்லாத ஸ்ட்ரெச்சர் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் டிரைவரை வேகமாகப் போகச் சொன்னவர்கள் உண்டு. மெதுவாகப் போ என்று கெஞ்சியவர்கள் அதைவிட அதிகம். நிறுத்து என்று யாரும் சொன்னதில்லை. தென்னையாக இல்லாத ஒரு மரமாகப் பார்த்து அதன் நிழலில் ஒதுக்கினேன்.

அவர் நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் என் வாய்தான். எட்டு மாதம் கர்ப்பமாயிருந்த என் மனைவி சரோஜாவை அந்த வாரம்தான் அவர் கிளினிக்கில் பார்த்திருந்தார். அவள் ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஒன்று அவருக்கு இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பேச்சுவாக்கில் என்னிடம், "முதல் பிரசவத்தில் உன் மனைவிக்கு வேறு யாருடைய ரத்தமாவது ஏற்றினார்களா?" என்று கேட்டார்.

"மொதப் பிள்ளைக்கும் ஏத்தல சார், ரெண்டாவது பிள்ளைக்கும் ஏத்தல" என்றேன் நான், கியரை மாற்றிக்கொண்டே.

அப்போதுதான் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். நான் பேசியதும் ஆங்கிலம்தான். அதை அப்படியே தந்தால் என் மானம் போய்விடும் என்பதால் அதையும் தமிழிலேயே தருகிறேன்.

"இரண்டாவதா? உனக்கு ஒரே பெண் என்றல்லவா கிளினிக்கில் சொன்னார்கள்?"

"ரெண்டாவது ஆம்பிளைப் பிள்ளை சார். வீட்லதான் பொறந்தான். மூணாம் நாள் போயிட்டான். மேலெல்லாம் மஞ்சளா ஆயிடுச்சு."

டாக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெயிலில் ஏற்கெனவே சிவந்திருந்த முகம் வெளுத்துப் போனது. "உன் வீட்டுக்குத் திருப்பு" என்றார். "இப்போதே."

வேலிக்கு அந்தப் பக்கம்

சென்ற வாரம், ராணுவ லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் ஒரு மேஜரின் நாய் மேல் வண்டியை ஏற்றப் பார்த்த கதையை எழுதியிருந்தேன். நாய் பிழைத்ததா என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் பிழைத்தேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாய் சௌக்கியமாக இருந்தது. எனக்கும் வேலை கிடைத்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வருஷத்தைக் கேட்காதீர்கள், எனக்கு வராது. சுங்கை ஊடாங் பக்கம் கடலோரத்தில் முகாம். அதற்குள் ஆஸ்பத்திரி. நீள நீளமான வார்டுகள், அவற்றுக்கு நடுவே கூரை போட்ட நடைபாதை, எந்நேரமும் கடல் காற்று. டெட்டால் வாசனையும் தரைக்குப் போடும் மெழுகு வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் எங்காவது அந்த மெழுகு வாசனை வந்தால் நான் சட்டைப் பொத்தானைச் சரி பார்த்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரி சிப்பாய்களுக்காகக் கட்டியது. பிறகு அவர்களுடைய மனைவி மக்கள் வந்தார்கள். சமையல்காரர், தோட்டக்காரர், சலவைக்காரர், டிரைவர் என்று வேலை பார்த்த எங்களுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைத்தது. அதற்கும் அப்பால், வாசலில் வந்து விழுந்தவர்கள் எல்லோருக்கும் கிடைத்தது. திருக்கை மீன் கொட்டிய செம்படவர், சைக்கிள் சக்கரத்தில் கால் மாட்டிய பள்ளிக்கூடப் பிள்ளை, கொதிக்கிற எண்ணெய் கொட்டிக்கொண்ட பலகாரக்காரி. வெளியாட்களை விடாதே என்று காவல்காரனுக்கு உத்தரவாம். ரத்தம் வழிய நிற்கிறவனுக்கு எந்தச் சிப்பாய் உத்தரவைப் படித்துக் காட்டுவான்? கதவைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வான்.

"பீரங்கியை எடுத்துக்கொண்டு போங்கள்"

வெள்ளைக்காரப் பட்டாளம் கிளம்பப் போகிறது, ஆஸ்பத்திரியையும் மூடிவிடுவார்கள் என்ற பேச்சு முதலில் சமையலறையிலிருந்துதான் வந்தது. அங்கே செம்பட்டைத் தலையோடு ஒரு கோப்ரல் இருந்தான். ரொட்டி சுடுவது அவன் வேலை, சேதி சுடச்சுடத் தருவது அவன் பொழுதுபோக்கு. சரோஜா வைக்கும் மீன்குழம்புக்கு அவன் அடிமை. வாரம் ஒரு தூக்குச்சட்டி நான் கொண்டு போவேன். கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிடுவான், மறு வாரம் இன்னும் காரம் வேண்டும் என்பான்.

கொஞ்ச நாளில் சிங்கப்பூரிலிருந்து ஆபீசர்கள் வந்தார்கள். வார்டுகளை நீளம் அகலம் அளந்தார்கள். கேட்டவர்களிடம், யோசனைதான், இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். எங்களுக்குத் தெரியாதா? கல்யாணப் பெண்ணை அளந்து பார்த்துவிட்டு இன்னும் முடிவாகவில்லை என்று எந்தத் தையற்காரன் சொல்லுவான்!

பக்கத்துக் கம்பத்துத் தலைவர் ஒரு தார் வாழைப்பழத்தோடு கர்னலைப் பார்க்க வந்தார். நான்தான் அவரை உள்ளே அழைத்துப் போனேன். "துவான், பீரங்கியை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த ஆஸ்பத்திரியை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள்" என்றார். கர்னல் சிரிக்கவில்லை. எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார். பழத்தை வார்டுக்கு அனுப்பச் சொன்னார். முடிவு அவர் கையிலும் இல்லை, பாவம்.

முதலில் மூடுவது பிரசவ வார்டு என்று சொன்னார்கள். சிப்பாய்களின் மனைவிமார் விமானம் ஏறத் தொடங்கிவிட்டார்களே, பிறகு யாருக்கு அது? மூடுகிற நாளுக்குப் பிறகு பிரசவம் ஆக வேண்டியவர்களைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். சரோஜாவும் அதில் ஒருத்தி. எனக்கு அதில் வருத்தமே இல்லை. காஜா பேராங்கில் எங்கள் வீட்டிலிருந்து அது பக்கம். பத்தியச் சாப்பாடு ஆறுவதற்குள் கொண்டு போய்விடலாம் என்று என் அக்காவுக்கும் திருப்தி.

அக்காவின் சட்டம்

பாக்கியம் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எனக்கும் அவளுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அம்மா போன பிறகு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி என்னை வளர்த்தவள். தாலி அறுத்த பிறகு எங்களோடு வந்துவிட்டாள். வீட்டில் நான் எஜமான் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அந்த நினைப்பை அவள் தடுத்ததில்லை. மற்றதெல்லாம் அவள் சொல்படிதான்.

கிளினிக்குக்கு சரோஜாவோடு போனது அக்காதான். ஆண்கள் வெளியே நிற்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே மலாய் தெரிந்த ஒரு நர்ஸ், இதற்கு முன் எத்தனை பிள்ளை என்று கேட்டிருக்கிறார். சரோஜா வாயைத் திறப்பதற்குள் அக்கா ஒரு விரலைக் காட்டி "சாத்து" என்றாள். ஒன்று.

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் ஒன்றுதான். பெயர் வைப்பதற்கு முன் போன பிள்ளை பிள்ளையே இல்லை. அதற்குத் தீட்டில்லை, திதியில்லை. அதைப் பற்றிப் பேசக்கூடாது, முக்கியமாக வயிற்றுப் பிள்ளைக்காரி முன்னால் பேசவே கூடாது. எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டால், துணைக்கு ஆள் தேடித் திரும்பி வரும் என்பாள். எங்கள் பக்கத்தில் இப்படி நினைத்தவர்கள் நிறையப் பேர். எண்ணாமல் இருப்பதுதான் அடுத்த பிள்ளைக்குக் காவல்.

அந்தப் பிள்ளையை நானே கொண்டுபோய்ப் புதைத்தேன். நல்ல மழை. திரும்பி வந்தபோது வீடு கழுவியிருந்தது. தொட்டில் துணி அவிழ்த்திருந்தது. சரோஜா மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் வற்றுவதற்கு அப்படிக் கட்டுவார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சொல் கிடையாது. நானும் பேசவில்லை.

வேலிக்கு அடுத்த வீட்டில் மாக் மீனாச்சி. மலாக்காச் செட்டி வீட்டம்மா, பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர் வழி. கெபாயா போட்டு, சாரோங் கட்டி, நெற்றியில் திருநீறு பூசி மாரியம்மன் கோயிலுக்குப் போவார். தமிழ் கேட்டால் புரியும், பேச வராது, அவர்களுடைய மலாய்தான். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "அனாக் செம்பிலான், திங்கால் எனாம்" என்பார். பிள்ளைகள் ஒன்பது, மிச்சம் ஆறு. வெற்றிலை மென்றுகொண்டே சாதாரணமாகச் சொல்லுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் அக்கா, "வாயைப் பாரு, போனதையும் சேத்துச் சொல்லுது" என்று காதைப் பொத்திக்கொள்வாள்.

வாசலில் ராணுவ வண்டி

ஆம்புலன்ஸ் எங்கள் வீட்டு வாசலில் நின்றதும் காஜா பேராங்கில் பாதி ஜனம் கூடிவிட்டது. அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். ஸ்டியரிங்கில் நான் முழுசாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. வந்ததும் திட்டத் தொடங்கினாள்.

டாக்டர் செருப்பு வரிசையைத் தாண்டி, பூட்சைக் கழற்றி, சாக்ஸ் காலோடு உள்ளே வந்தார். ஒரு சாக்சில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. நாற்காலியில் உட்கார்ந்து சரோஜாவைப் பார்த்து, "இரண்டாவது குழந்தையைப் பற்றி எனக்குச் சொல்லம்மா" என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"தம்பி, வேணாம்" என்றாள் அக்கா. "அதெல்லாம் பேசக்கூடாது லா. வயித்துல இருக்கறது கேக்கும்."

"டாக்டர் கேக்கறாரு அக்கா."

"அவருக்கு என்னா தெரியும்? நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அவரா வந்து அழுவாரு?"

சரோஜா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். வள்ளி, எங்கள் மூத்த பெண், அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சரோஜா பேசத் தொடங்கினாள்.

"பொறக்கும்போது நல்லாத்தான் இருந்தான்" என்றாள். "கத்தினான். பால் குடிச்சான். மறுநாள் காலைல கண்ணு வெள்ளையெல்லாம் மஞ்சளா இருந்துச்சு. நான் மஞ்சத்தண்ணி குளிச்சதாலன்னு அண்ணி சொன்னாங்க. வெயில்ல காட்டினோம். சாயங்காலம் உள்ளங்காலும் மஞ்சளாயிடுச்சு. அப்புறம் பால் குடிக்கல. முதுகை வளைச்சு வளைச்சுக் கத்தினான், பூனை கத்தற மாதிரி. ராத்திரி முழுக்க என் விரலைப் பிடிச்சிருந்தான். விடியக்காலைல பிடி விட்டுப்போச்சு."

நான் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த நாட்களில் நான் குருபோங் பக்கம் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விரலைப் பிடித்திருந்தான் என்பது எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. என் விரலை நானே பிடித்துக் காட்டினேன். டாக்டர் தலையசைத்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பிறகு அவர் விளக்கினார். ரத்தத்தில் இரண்டு வகை இருக்கிறது. சரோஜாவுடையது ஒரு வகை, என்னுடையது இன்னொரு வகை. பிள்ளை என் வகையில் பிறந்தால் தாயின் ரத்தம் அதை அந்நியனாக நினைத்து எதிர்க்கும். முதல் பிள்ளை தப்பிவிடும். இரண்டாவதுக்கு ஆபத்து. மூன்றாவதுக்கு இன்னும் அதிகம். ஒரு பிள்ளை அப்படிப் போயிருக்கிறது என்று தெரிந்தால், நாள் நிறைகிற வரை காத்திருக்க மாட்டார்கள். முன்னதாகவே பிரசவம் பார்த்து, பிறந்த பிள்ளையின் ரத்தத்தை எடுத்துவிட்டுப் புது ரத்தம் கொடுப்பார்கள்.

"அந்தப் புது ரத்தம் உன் மனைவியின் வகையாக இருக்க வேண்டும்" என்றார். "இந்த ஊர் மக்களிடம் அது அரிது. எங்கள் ஆட்களிடம் அவ்வளவு அரிதில்லை. பட்டாளம் இங்கே இருக்கும்போது எனக்குக் கவலையே கிடையாது, கூப்பிட்டால் வந்து கையை நீட்டுவார்கள். ஆனால் பாதிப் பேர் கப்பல் ஏறியாகிவிட்டது, சின்னையா. மிச்சம் இருக்கிறவர்களும் போவதற்குள் இந்தப் பிள்ளை பிறந்தாக வேண்டும்."

நான் அக்காவுக்குச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெள்ளைக்காரன் ரத்தமா? மாடு திங்கறவன் ரத்தத்தையா நம்ம பிள்ளைக்கு ஏத்தப் போறாங்க?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாக் மீனாச்சியின் குரல் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "பாக்கியம், எனக்கு மூணு போச்சு. எவன் ரத்தம் கொடுத்திருந்தாலும் வாங்கிக் குடுத்திருப்பேன்" என்று மலாயில் சொன்னார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. சரோஜாவின் இரண்டு சேலை, சீப்பு, விபூதிப் பை எல்லாவற்றையும் ஒரு துணியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"இப்பவே கூட்டிக்கிட்டுப் போ" என்றாள்.

அக்காவுக்கு அவசரம் புரிந்ததில் டாக்டருக்குச் சந்தோஷம். ஆனால் அன்றே வேண்டாம், மூன்று வாரம் கழித்து வந்தால் போதும் என்றார். அக்கா மூட்டையை அவிழ்க்கவே இல்லை. மூன்று வாரமும் அது வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சரோஜாவுக்குச் சீப்பு வேண்டுமென்றால் மாக் மீனாச்சியிடம் இரவல் வாங்கினாள்.

சிஸ்டரும் அக்காவும்

வார்டை மூடுகிற நாளைத் தள்ளிப்போட டாக்டர் கர்னலிடம் போய் நின்றார். உள்ளே என்ன நடந்ததோ தெரியாது. வெளியே வந்தபோது அவர் காது சிவந்திருந்தது. வார்டு திறந்திருக்கும், கட்டில்கள் மட்டும் போய்விடும் என்றார். நாங்கள் போனபோது அவ்வளவு பெரிய வார்டில் நாலே கட்டில். பேசினால் எதிரொலி கேட்டது.

வார்டு நர்சுகளுக்குத் தலைமை ஒரு வெள்ளைக்கார சிஸ்டர். வயதானவர், கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி. அவர் நடந்து வந்தால் சிப்பாய்களே வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அவருக்கும் எங்கள் அக்காவுக்கும் முதல் நாளே போர் மூண்டது. சிஸ்டர் சரோஜாவுக்கு ஐஸ்கிரீம் கொடுத்தார். கர்ப்பிணிக்கு ஐஸ்! அக்கா அதைப் பிடுங்கி ஜன்னலோரம் வைத்தாள், உருகி ஓடியது. அக்கா ஒளித்துக் கொண்டுபோன பூண்டுக் குழம்பை சிஸ்டர் கண்டுபிடித்து வெளியே அனுப்பினார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. திட்டுகிறார்கள் என்பது மட்டும் இருவருக்கும் நன்றாக விளங்கியது.

பிரசவத்துக்கு முதல் நாள், ரத்தம் கொடுக்க வந்து நின்றது நம் ரொட்டிக் கோப்ரல். சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"இவன்தானா?" என்று கேட்டாள் அக்கா.

"இவனேதான். வாராவாரம் நம்ம வீட்டு மீன்குழம்பு சாப்பிடறவன். ஒடம்புல பாதி நம்ம மொளகாய்தான் ஓடுது, பயப்படாதே."

அக்கா அவன் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு நெற்றியில் விபூதி பூசிவிட்டாள். அவன் ஏதோ பதக்கம் வாங்கியவன் போல விறைத்து நின்றான்.

பெண் பிள்ளை பிறந்தது. அழுதாள். ஆனால் சிறுத்து வெளுத்திருந்தாள். உடனே கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். தொப்புள் கொடி வழியாக மெல்லிய குழாய் விட்டு, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் செலுத்தி, மறுபடி கொஞ்சம் இழுத்து. அவசரப்பட முடியாத வேலை. கண்ணாடிக்கு வெளியே நானும் அக்காவும் நின்றோம். அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டாளோ.

சாயங்காலம் டாக்டர் வந்து, நன்றாக முடிந்தது என்றார். நான் வண்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை பிள்ளையின் கண் மஞ்சளாக இருந்தது.

முதலில் பார்த்தது சரோஜா. யாரையும் கூப்பிடவில்லை. கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த நீள வார்டு முழுக்க நடந்து வந்து சிஸ்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாளாம். சிஸ்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினார். இரண்டாம் தடவை மாற்ற வேண்டும். கோப்ரலிடம் மறுபடி எடுக்க முடியாது. டாக்டர் மனதில் வைத்திருந்த மற்ற சிப்பாய்கள் அதற்குள் ரயிலேறிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து முகாமுக்கும் முகாமிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் டெலிபோன் அடித்தபடி இருந்தது. நான் வண்டியை ஓடவிட்டபடியே வாசலில் நின்றேன், எங்கே போகச் சொன்னாலும் போகிறதற்கு. சிங்கப்பூர் வரைக்கும் என்றாலும் போயிருப்பேன்.

எங்கும் போகச் சொல்லவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், சிஸ்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். முதன்முதலாக அவர் தலைமுடியைப் பார்த்தேன், முழு நரை. ஒரு கை நீட்டியிருந்தது, குழாய் ஓடிக்கொண்டிருந்தது. படுத்தபடியே ஒரு நர்சை, தரை சரியாகத் துடைக்கவில்லை என்று கண்டித்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டருடையதும் அதே வகை ரத்தம் என்று டாக்டர் பிறகு சொன்னார். இந்த வயதில் உங்களிடம் எடுக்க எனக்கு மனமில்லை என்று டாக்டர் தயங்கினாராம். "இந்த வார்டில் கடைசியாகப் பிறந்த பிள்ளை இது. நான் பொறுப்பில் இருக்கும்போது அது போகாது" என்றாராம் சிஸ்டர்.

அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள். "அந்தம்மாவா குடுக்குது?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு என்னை வண்டியில் ஏறச் சொன்னாள். நேரே மலாக்கா பாசாருக்கு விட்டேன். பேரம் பேசாமல் என் அக்கா ஒரு பொருள் வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். உயிர் விரால் மீன். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, மாக் மீனாச்சியின் அடுப்பும் சேர்ந்து எரிய, சூப்பு வைத்தாள். ரத்தம் போனவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் வைத்தியம். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயங்கள் குறைவு, அதில் விரால் மீன் ஒன்று.

சிஸ்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். இந்தத் தடவை வெளியே அனுப்பவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து முழுவதையும் குடித்தார். அக்கா எதிரே நின்று, கிண்ணம் காலியாகிறவரை நகரவில்லை.

கடைசிக் கட்டில்

மஞ்சள் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் காலில், பிறகு வயிற்றில், கடைசியில் கண்ணில். டாக்டர் தினமும் பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு நாள் திருப்பாமலே, "வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

நாங்கள் கிளம்பும்போதே வார்டில் லோரிக்காரர்கள் வந்துவிட்டார்கள். சரோஜா எழுந்த கட்டிலைக்கூட மடக்கித் தூக்கினார்கள். நடைபாதையில் இரும்புக் கட்டில்கள் வரிசையாக நின்றன. சிஸ்டர் கை குலுக்க வந்தார். அக்கா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பட்டாளத்தில் அதற்குப் பயிற்சி இல்லை போலிருக்கிறது. முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

எனக்கும் வேலை முடிந்தது. சாவியைக் கொடுத்தபோது மனது கனத்தது, உண்மை. ஆனால் பெண் பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் அதை அழுது தீர்க்கக்கூட நேரமில்லை.

பெயர் வைக்கும் நாளன்று வீடு நிறைய ஜனம். அத்தைதான் பிள்ளையை மடியில் வைத்துக் காதில் பெயர் சொல்ல வேண்டும். அக்கா புதுச்சேலை கட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, அமுதா என்று மூன்று தடவை சொன்னாள். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள். பிள்ளை சப்புக் கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாட்டுக்கு இலை போடப் போனார்கள்.

அக்கா எழுந்திருக்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்தபடியே, சரோஜாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அவனுக்கு என்னா பேரு வைக்கணும்னு நெனச்சிருந்தே?" என்று கேட்டாள்.

எவனுக்கு என்று சரோஜா கேட்கவில்லை. யோசிக்கவும் இல்லை.

"முருகேசன், அண்ணி" என்றாள்.

அக்கா குனிந்து, மடியிலிருந்த பிள்ளையின் காதருகே, "உங்க அண்ணன் பேரு முருகேசன்" என்றாள். என் மகனின் பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.